கரண்ட், மின்சாரம், மின்னோட்டம்: எதை எங்கே சொல்வது?

கேள்வி கேட்டவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் ஓர் அம்மா. பத்தாவது படிக்கும் மகள் கட்டுரையில் "கரண்ட் போய்விட்டது" என்று எழுத, ஆசிரியர் அதை அடித்து "மின்சாரம்" என்று திருத்தியிருக்கிறார். அறிவியல் புத்தகத்திலோ "மின்னோட்டம்" என்று இருக்கிறது. செய்தித்தாளில் "மின்தடை" என்றால் கரண்ட் கட். அதே சொல் புத்தகத்தில் வேறு எதையோ குறிக்கிறது. இதில் எது சரி, எல்லாம் ஒன்றுதானா என்பது அவர் கேள்வி. கடைசியில் ஒரு வரியில், பாகூரில் இருக்கும் அக்காவுக்கு வரும் கரண்ட் பில் தன் பில்லில் பாதிகூட இல்லையே, அது ஏன் என்றும் கேட்டிருக்கிறார்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் வயர்மேன் பிரிவுப் பையன்களுக்குப் பாடம் நடத்தியவன். இந்தச் சொற்களோடுதான் முப்பது வருடம் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். "மின்" நம்மிடம் மிகப் பழைய சொல். மின்னல் என்றும் ஒளி என்றும் பொருள். மின்னுவது, மின்மினி எல்லாம் அதே வேர். "சாரம்" என்றால் சாறு, சத்து. கரும்பைப் பிழிந்தால் சாறு வருவது போல மின்னலைப் பிழிந்து எடுத்த சத்து என்று நான் வகுப்பில் சொல்வேன். பையன்களுக்கு அது மறக்காது.

ஆங்கிலத்தில் இந்தப் பெயர் வேறு வழியாக வந்தது. மரப்பிசின் மண்ணுக்குள் கோடிக்கணக்கான வருடம் கிடந்து இறுகினால் அம்பர் என்ற மஞ்சள் கல் ஆகும். அதைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். கிரேக்கர்கள் அந்தக் கல்லை எலக்ட்ரான் என்று அழைத்தார்கள். 1600-இல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் காந்தத்தைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில், இப்படித் துரும்பை இழுக்கும் பொருள்களுக்கெல்லாம் அம்பரின் பெயரை வைத்தே ஒரு சொல் உண்டாக்கினார். எலக்ட்ரிசிட்டி அதிலிருந்து வந்தது. எண்ணெய் வைக்காத தலையைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரிவிட்டுக் காகிதத் துண்டுகளுக்கு மேலே பிடித்தால் அவை துள்ளி ஒட்டிக்கொள்கின்றன, இல்லையா? அவர்கள் பெயர் வைத்தது அந்தச் சின்ன இழுப்புக்குத்தான்.

நாம் பெயர் வைத்தது மின்னலுக்கு. இந்தியில் பிஜ்லி, வடமொழியில் வித்யுத், தெலுங்கில் வித்யுத்து, எல்லாமே மின்னல்தான். மேகத்தில் வெட்டும் மின்னலும், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடியைத் தேய்த்து உண்டாக்கும் பொறியும் ஒரே பொருள் என்பது ஐரோப்பாவில் உறுதியானது 1752-இல்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிவைத்த யோசனைப்படி அந்த மே மாதம் பிரான்ஸில் இரும்புக் கம்பி நட்டு மேகத்திலிருந்து பொறி இழுத்துக் காட்டினார்கள். பட்டம் விட்ட கதையும் அந்த வருடத்ததுதான். ஆக, மரப்பிசினைவிட மின்னலே இதற்குப் பொருத்தமான பெயர் என்பது என் எண்ணம். பிறகு மின் என்ற அந்த ஈரெழுத்துக் குட்டி எங்கெல்லாமோ போய் ஒட்டிக்கொண்டது: மின்விசிறி, மின்தூக்கி, மின்னஞ்சல், மின்னூல். கடிதத்துக்கு முன்னால் மின்னலை வைத்ததும் அது மின்னஞ்சல் ஆகிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் இலத்திரன், இலத்திரனியல் என்று கிரேக்கச் சொல்லையே தமிழாக்கிக்கொண்டார்கள். நாம் மின்னணு என்றோம். இரண்டும் அழகு.

அப்புறம் கரண்ட். ஓடுவது என்று பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேளுங்கள், பிரெஞ்சிலும் இதற்குக் கூரான் என்றுதான் பெயர். வீட்டில் மின்சாரம் நின்றால் "கூரானை வெட்டிவிட்டார்கள்" என்பார்கள். நம் வாயில் புழங்கும் கரண்ட் ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ஓட்டத்தை அளக்கும் அலகுக்குப் பெயர் கொடுத்த ஆம்பியர் ஒரு பிரெஞ்சுக்காரர். புத்தகத்தில் வரும் மின்னோட்டம் இந்தக் கரண்ட்டின் நேரடித் தமிழ். பத்தாம் வகுப்புப் பாடத்தின் தலைப்பே மின்னோட்டவியல்தான்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. புத்தகத்தின் கரண்ட் வேறு, வீட்டில் நாம் சொல்லும் கரண்ட் வேறு. "கரண்ட் வந்துடுச்சு" என்று கத்தும்போது எந்த ஸ்விட்சும் போட்டிருக்க வேண்டியதில்லை. வயரில் எதுவும் ஓடாமல் இருக்கலாம். அப்படியானால் வந்தது என்ன? வந்தது அழுத்தம். மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ்.

இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நெய்வேலி. நம் மாவட்டத்தில் ஒரு காலத்தில் போர் போட்டால் மோட்டார் வைக்காமலே தண்ணீர் தானாகப் பொங்கி வரும். ஆர்ட்டீசியன் ஊற்று என்பார்கள். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைச் சோதித்துப் பார்த்துத்தான் பழுப்பு நிலக்கரி இருப்பது வெளியே தெரிந்தது. 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1962-இல் சோவியத் உதவியோடு அங்கே அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓட ஆரம்பித்தது. இன்றைக்கும் அந்த நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

அந்தத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். துளை போடாதவரை ஓர் அடிகூட நகராது. ஓட்டம் இல்லை. ஆனால் அழுத்தம் அத்தனையும் அங்கே காத்திருக்கிறது. துளை போட்ட நொடியில் ஓட்டம் வரும். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்டும் அப்படித்தான். எதையும் சொருகாதவரை மின்னோட்டம் பூஜ்யம், மின்னழுத்தம் 230 வோல்ட். ஸ்விட்சைப் போட்டால் துளை திறக்கிறது. துளை எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதுதான் மின்தடை. அதற்கு ஓம் அலகு. ஒரு நொடிக்கு எவ்வளவு பாய்கிறது என்பது மின்னோட்டம், ஆம்பியர். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் மின்திறன், அதுதான் வாட். அந்தத் திறன் எத்தனை மணி நேரம் வேலை செய்தது என்று கணக்கிட்டால் மின்னாற்றல்; பில்லில் யூனிட் என்று வருவது அது. மின்சாரம் என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குடும்பப் பெயர். அதனால்தான் அதற்கென்று ஓர் அலகு கிடையாது. "எத்தனை மின்சாரம்?" என்று கேட்டால், எதில் அளக்க, வோல்ட்டிலா ஆம்பியரிலா யூனிட்டிலா என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே, வீட்டில் எப்படிச் சொன்னால் என்ன என்று தோன்றலாம். பேச்சில் கரண்ட் என்பதில் எந்தத் தப்பும் இல்லை, தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கம்பியைத் தொடப்போகும் ஆளுக்கு இந்த வித்தியாசம் உயிர் விஷயம். என் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பயிற்சிக்காக ஒரு பழைய வீட்டில் வயரிங் பார்க்கப் பையன்களை அழைத்துப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் ஒரு குண்டு பல்பு. ஸ்விட்சைப் போட்டால் எரிகிறது, அணைத்தால் நிற்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரை மாற்ற வேண்டும். ஒரு பையன் ஸ்விட்சை அணைத்தான், பல்பு நின்றது. "கரண்ட் இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறி, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் ஊசிமுனையில் விரலை வைத்தான். அடுத்த நொடி ஸ்டூலோடு கீழே கிடந்தான். மரச் ஸ்டூல், காலில் ரப்பர் செருப்பு, மறு கை எதையும் பிடித்திருக்கவில்லை. அதனால் கை மரத்துப்போனதோடு தப்பினான். டெஸ்டரை எடுத்து அவன் கையிலேயே கொடுத்து வைக்கச் சொன்னேன். ஸ்விட்ச் அணைந்திருக்க, ஹோல்டரில் டெஸ்டரின் சின்ன விளக்கு செம்மஞ்சளாக எரிந்தது. யாரோ ஒருவர் அந்த வீட்டில் ஸ்விட்சை ஃபேஸில் (அழுத்தம் வரும் கம்பியில்) போடாமல் நியூட்ரலில் (ஓட்டம் திரும்பிப் போகும் கம்பியில்) போட்டிருக்கிறார். அணைத்தால் பல்பு நிற்கும், ஏனென்றால் சுற்று அறுந்துவிட்டது, ஓட்டம் இல்லை. அழுத்தம் மட்டும் ஹோல்டர் வரை வந்து அப்படியே நிற்கிறது, நெய்வேலித் தண்ணீர் போல. துளையாகப் போனது அவன் உடம்பு. "கரண்ட் இல்லை" என்று அவன் சொன்னது புத்தகப்படி நூற்றுக்கு நூறு சரி. மின்னோட்டம் இல்லைதான். வோல்டேஜ் இருந்தது.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்தேன். "கரண்ட் இருக்கா?" என்று எவனும் கேட்கக் கூடாது. "டெஸ்டர் வைத்துப் பார்த்தாயா, மெயினை இறக்கினாயா?" என்றுதான் கேட்க வேண்டும். டெஸ்டர் காட்டுவது அழுத்தத்தை. அதற்குள் பெரிய தடை ஒன்று வைத்திருப்பதால் நம் உடம்பு வழியாகப் போவது கால் மில்லி ஆம்பியர் அளவுதான். உடம்புக்கு உறைக்காது, விளக்குக்குப் போதும். ஒப்பிட்டுப் பாருங்கள்: பத்துப் பன்னிரண்டு மில்லி ஆம்பியர் கை வழியாகப் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். "கரண்ட் பிடிச்சு இழுத்துடுச்சு" என்று ஊரில் சொல்வது இதைத்தான். இழுப்பது கம்பி இல்லை, நம் தசையேதான் மூடிக்கொள்கிறது. வீடுகளில் வைக்கும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்துக்குள் துண்டிக்க வேண்டும் என்று வைத்திருப்பது அதனால். சாதாரண 60 வாட் பல்பு எடுப்பதோ 260 மில்லி ஆம்பியர். ஒரு பல்பை எரிய வைக்கும் ஓட்டத்தில் எட்டில் ஒரு பங்கு ஆளைக் கொல்லப் போதுமானது. உங்கள் வீட்டு மெயின் போர்டில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்தி, ட்ரிப் ஆகிறதா என்று சோதியுங்கள். இல்லாவிட்டால் ஓர் ஆர்.சி.சி.பி. வைக்கச் சொல்லுங்கள்.

செய்தித்தாள்கள் எழுதும் "மின்சாரம் பாய்ந்து" என்ற தொடர் மிகச் சரியானது. பாய்ந்தால்தான் ஆபத்து. கம்பியில் உட்காரும் காக்கைக்கு அழுத்தம் இருக்கிறது, பாய வழி இல்லை.

இனி மின்தடை. இதில் உங்கள் மகள் குழம்பியதில் வியப்பே இல்லை, தப்பு நம்முடையது. ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். பாடத்தில் மின்தடை என்றால் ஓட்டத்தை எதிர்க்கும் குணம். செய்தியில் மின்தடை என்றால் கரண்ட் இல்லை. என்னைக் கேட்டால், பராமரிப்புக்காக முன்கூட்டிச் சொல்லி நிறுத்துவதற்கு மின் நிறுத்தம் என்றும், பற்றாக்குறையால் நேரம் வைத்து நிறுத்துவதற்கு மின்வெட்டு என்றும் எழுதிவிட்டு, மின்தடையைப் பாடப்புத்தகத்துக்கே விட்டுவிடலாம். 2008-க்குப் பிறகு ஐந்தாறு வருடம் தமிழ்நாடு முழுக்கப் புழங்கிய சொல் மின்வெட்டுதான். அதற்குப் பொருள் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பரீட்சையில் மின்தடை வந்தால் ஓம் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

அந்த மின்வெட்டுக் காலத்தில் நம் ஊரில் எல்லாரும் கேட்ட கேள்வி, நெய்வேலி இங்கேயே இருக்க, நமக்கு ஏன் இருட்டு என்பது. மின்சாரம் பக்கத்து வீட்டுக்கு முதலில் என்று போகாது. அங்கே உற்பத்தியாவதை 230, 400 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தித் தொகுப்பில் (மின்நிலையங்களை இணைக்கும் கம்பி வலையில்) விடுகிறார்கள். அது தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று தென் மாநிலங்களுக்குப் பங்கிட்ட மின்சாரம். 2013 டிசம்பர் 31-இல் தென்னகத் தொகுப்பை நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைத்த பிறகு முழு இந்தியாவும் ஒரே கம்பி வலை. அழுத்தத்தை ஏன் உயர்த்த வேண்டும் என்றால், பத்து மடங்கு உயர்த்தினால் அதே திறனுக்கு ஓட்டம் பத்தில் ஒன்று ஆகும், கம்பியில் சூடாக வீணாவது நூறில் ஒன்றாகக் குறையும். பிறகு 110, 33, 11 கிலோவோல்ட் என்று படிப்படியாக இறக்கி, தெருமுனை ட்ரான்ஸ்பார்மரில் 230-ஆக நம் வீட்டுக்கு.

ஈபி என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. 1957-இல் தொடங்கிய மின்சார வாரியத்தின் ஆங்கிலச் சுருக்கம் அது. இப்போது அலுவலகத்துக்கும் பெயர், ஊழியருக்கும் பெயர், கடைசியில் கம்பியில் வரும் மின்சாரத்துக்கே பெயர். கல்யாண மண்டபத்தில் "ஈபி வந்துடுச்சு, ஜெனரேட்டரை நிறுத்து" என்கிறோம். இந்தப் பொருள் எனக்கு ஆழமாகப் பதிந்தது தானே புயலில். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரை ஏறியது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் முந்திரி, பலா, கரண்டு கம்பம் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ஈபி வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. மினி லாரியில் ஜெனரேட்டரை ஏற்றி, தொட்டி தொட்டியாகப் போய் மோட்டார் ஓட்டித் தண்ணீர் ஏற்றினார்கள். செல்போன் சார்ஜ் போட வரிசை.

வெளி மாவட்டங்களிலிருந்து லைன்மேன்கள் வந்து கம்பம் நட்டார்கள். அவர்களில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ட்ரான்ஸ்பார்மரில் ஏறுமுன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "இங்க ஜெனரேட்டர் ஓடுதா? மெயினை இறக்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஊருக்கே கரண்ட் இல்லை, இவர் எதற்குப் பயப்படுகிறார் என்று என் தங்கை கேட்டாள். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது) இல்லாமல் யாராவது வீட்டு ப்ளக்கில் ஜெனரேட்டரைச் சொருகினால், அது சர்வீஸ் வயர் வழியாகத் திரும்பி வெளியே போகும். ட்ரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் பெட்டி: இறக்கும் பெட்டியே ஏற்றவும் செய்யும். வீட்டின் 230 வோல்ட் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பத்தில் இருப்பவரின் கைக்கு வரும். லைன்மேன்கள் எல்.சி. (லைனை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்காமல், இரண்டு பக்கமும் எர்த் ராடு (கம்பியைத் தரையோடு இணைக்கும் கோல்) மாட்டாமல் கம்பியைத் தொடுவதில்லை. "கரண்ட் இல்லை" என்ற பேச்சை நம்பி எந்த லைன்மேனும் வேலை செய்ய மாட்டார். புயலுக்குப் பிறகு ஜெனரேட்டர் ஓட்டும் வீட்டுக்காரர்கள் முதலில் மெயினை இறக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சரி, பில். யூனிட் என்பது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடியதற்குச் சமம். பழைய 75 வாட் சீலிங் ஃபேன் ஒரு யூனிட்டில் பதின்மூன்று மணி நேரம் சுற்றும். இப்போது வரும் 30 வாட் ஃபேன் முப்பத்துமூன்று மணி நேரம். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட் தின்றுவிடும்.

உங்கள் அக்கா இருக்கும் பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்கே வாரியம் கிடையாது, அரசின் மின்துறை. மாதா மாதம் பில். கடலூரில் உங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். பாதியாகத் தெரிவதற்கு முதல் காரணம் அதுவே. கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையமும் வேறு, விலையும் வேறு. உங்கள் பக்கம் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதே நேரம் 500-ஐத் தாண்டினால் நீங்கள் வேறு அட்டவணைக்குப் போய்விடுவீர்கள். தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லாமல், 101 முதல் 200 வரை உள்ளதற்கும் விலை கூடிவிடும். 490-க்கும் 510-க்கும் நடுவே பில் திடீரென்று எகிறுவது இதனால்தான், மீட்டர் கோளாறு இல்லை.

அதனால் ரூபாயை வைத்து ஒப்பிட வேண்டாம். அக்காவின் அடுத்தடுத்த இரண்டு பில்களை வாங்கி, யூனிட் எண்களை மட்டும் கூட்டி, உங்கள் ஒரு பில்லின் யூனிட்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கணக்கை மகளையே போடச் சொல்லுங்கள், மின்னாற்றல் பாடமும் முடிந்துவிடும். அப்போதும் உங்களுடையது மிக அதிகமாக இருந்தால், ஒரு ராத்திரி எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் ப்ளக்கையும் இன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.